கார் ஹீட்டரில் குளிர்காற்று வருகிறதா? இரண்டு குழாய்களைத் தொட்டுப் பாருங்கள்

டொராண்டோவில் எனக்கு முதல் ஜனவரி அது. வெளியே மைனஸ் 18. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இருபது நிமிடம் ஓட்டியும் காலில் பட்டது பனிக்காற்றுதான். முன்கண்ணாடியின் உள்பக்கம் எங்கள் மூச்சே படிந்து உறைய, பின்சீட்டில் மகள் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கராஜில் என்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார்கள். மறுநாளும் அதே குளிர். உண்மையில் குறைந்திருந்தது, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். பானட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஐந்து நிமிட வேலையைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. என்ஜினின் சூட்டைக் கூலன்ட் வாங்கிக்கொள்கிறது. அதில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. ப்ளோயர் அதன் வழியாகக் காற்றை ஊத, அந்தச் சூடு உங்களிடம் வருகிறது. ஆகவே கூலன்ட் போதுமான அளவு இருக்க வேண்டும், அது சூடாக வேண்டும், கோருக்குள் ஓட வேண்டும், காற்றும் கோர் வழியாக வர வேண்டும். இந்த நான்கில் எது தவறுகிறது என்று தேடுகிறோம். காற்றே வரவில்லை என்றால் கோளாறு ப்ளோயர் பக்கம். அது வேறு கதை. மின்சாரக் கார்களுக்கும் இது பொருந்தாது.

படி 1: கூலன்ட் மட்டம்

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

கூலன்ட் டாங்கின் பக்கவாட்டில் குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகள் இருக்கும். மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே என்றால் பெரும்பாலும் கோளாறு அங்கேயே. ஹீட்டர் கோர் பல கார்களில் சற்று மேட்டில் இருப்பதால், கூலன்ட் குறைந்ததும் காற்று முதலில் அங்கேதான் போய் அடைத்துக்கொள்ளும். ஓட்டும்போது சூடு வருகிறது, சிக்னலில் நின்றால் குளிர்கிறது என்பதும் இதன் அடையாளம்.

நம் ஊரில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை இங்கேயும் அதைத்தான் தேடும். தயவுசெய்து வேண்டாம். வெறும் தண்ணீர் உறைந்து விரிந்தால் என்ஜின் பிளாக்கே வெடிக்கும். கூலன்ட்டும் வாலைவடிநீரும் (டிஸ்டில்டு வாட்டர்) சரிபாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை தாங்கும். எந்த வகை என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. இன்னொன்று: பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். கீழே சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், குழந்தையோ நாயோ நக்கிவிடக் கூடாது.

படி 2: டெம்பரேச்சர் முள்

பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தாலோ, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் இறங்கினாலோ தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது. சுமார் 82 முதல் 90 டிகிரியில் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விட வேண்டிய கதவு எப்போதும் திறந்தே கிடந்தால் என்ஜின் எப்படிச் சூடேறும்? விலை குறைந்த பாகம்தான், மாற்றிவிடலாம்.

படி 3: இரண்டு குழாய்கள்

முள் நடுவில் நிற்கிறது, ஆனாலும் குளிர் என்றால் இதுதான் முக்கியமான சோதனை. என்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். கராஜுக்குள் வேண்டாம், திறந்தவெளியில் செய்யுங்கள். என்ஜினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவருக்குள் இரண்டு ரப்பர் குழாய்கள் அருகருகே நுழைவது தெரியும். பெல்ட், ஃபேன் பக்கம் கையோ சால்வையோ போகாமல், அவற்றை லேசாகத் தொட்டுப் பாருங்கள்.

இரண்டும் கொதித்தால் கோருக்குள் கூலன்ட் ஓடுகிறது. காற்றுதான் வழிமாறிப் போகிறது. சூட்டுக் குமிழைத் திருப்பியபடி டேஷ்போர்டில் காதை வைத்துக் கேளுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால், உள்ளே காற்றைத் திருப்பும் தட்டியை அசைக்கும் குட்டி மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்று கொதித்து மற்றது குளிர்ந்தால் கோர் அடைத்திருக்கிறது. சில கார்களில் வழியில் வால்வு ஒன்று உண்டு, அது திறக்காமலும் இருக்கலாம். அடைப்பு என்றால், என்ஜின் ஆறியபின் இரு குழாய்களையும் கழற்றி, கூலன்ட் வெளியேறும் பக்கத்திலிருந்து தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். அழுத்தம் கூடினால் பழைய கோர் கிழிந்துவிடும். வெளிவரும் நீரை வாளியில் பிடியுங்கள். செம்பழுப்புச் சேறு நின்று தெளிந்த நீர் வரும்வரை விட்டு, உள்ளே தங்கிய தண்ணீரையும் வடித்துவிட்டுக் கூலன்ட் நிரப்புங்கள்.

இரண்டுமே குளிர்ந்தால் ஏர் லாக், அதாவது குழாய்களில் காற்று அடைத்துக் கூலன்ட் ஓடாமல் நிற்பது. அல்லது கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் பழுது.

படி 4: ஏர் லாக் எடுப்பது

கூலன்ட் ஊற்றிய பிறகு பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆறிய என்ஜின், மேட்டைப் பார்த்து நிறுத்திய கார், முழுச் சூட்டில் ஹீட்டர். மூடியைத் திறந்துவைத்து என்ஜினை ஓடவிடுங்கள். குமிழ் குமிழாகக் காற்று வெளியே வரும். மட்டம் இறங்க இறங்கக் கூலன்ட் ஊற்றுங்கள். உள்ளே சூடான காற்று வீசத் தொடங்கி, குமிழ்களும் நின்றதும் மூடிவிடுங்கள். சில கார்களில் காற்றை வெளியேற்றத் தனித் திருகாணி இருக்கும், கையேட்டில் போட்டிருப்பார்கள். முள் நடுவைத் தாண்டினால் உடனே என்ஜினை நிறுத்துங்கள்.

மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தை மறுபடி பாருங்கள். மிச்சக் காற்று வெளியேறிச் சற்று இறங்கியிருந்தால் அந்த அளவு ஊற்றினால் போதும். ஒரு வாரத்தில் மீண்டும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. முன்சீட்டுக்குக் கீழே மிதியடி ஈரமாகி, காருக்குள் இனிப்பு வாசனையும் கண்ணாடியில் பிசுக்கும் இருந்தால் ஹீட்டர் கோர். சைலன்சரில் வெள்ளைப் புகை ஓயாமல் வந்தால், என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகத்துக்கும் நடுவில் ஒழுகாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட். இரண்டுமே வீட்டு வாசலில் முடிகிற வேலை இல்லை, பார்த்ததைக் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் அப்படியே சொல்லுங்கள்.