மரண விளிம்பிலிருந்து திரும்பியவரின் சாட்சியைக் கேட்பது எப்படி

இதயத் துடிப்பு நின்றுபோய் மருத்துவர்களால் மீட்கப்பட்ட ஒருவர், சில நாட்கள் கழித்து, கட்டிலருகே அமர்ந்திருக்கும் உங்களிடம் தாழ்ந்த குரலில், "நான் அங்கே போய்விட்டு வந்தேன்" என்று சொல்லத் தொடங்கலாம். அவர் உங்கள் தகப்பனாராகவோ, உங்கள் சபையின் மூப்பராகவோ இருக்கலாம். அந்த நேரத்தில் "அல்லேலூயா" என்று கூவி அடுத்த ஞாயிறே மேடையேற்ற நினைப்பவர்களும் உண்டு. "மருந்தின் மயக்கம், தூங்குங்கள்" என்று வாயடைப்பவர்களும் உண்டு. நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்தில் இருக்கும் என் அனுபவத்தில், இந்த இரண்டுமே அவரைத் தனியே விட்டுவிடுகின்றன. கிறிஸ்தவ விசுவாசத்தில் நிற்கும் ஒருவர் இத்தகைய சாட்சியை எப்படிக் கேட்பது, எப்படி எடைபோடுவது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், குறுக்கிடாமல் கேளுங்கள். "இயேசுவைப் பார்த்தீர்களா?", "வெள்ளை அங்கி தரித்திருந்தாரா?", "இறந்துபோன அம்மா வந்தார்களா?" என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வியே அவருடைய நினைவுக்குள் புகுந்து, ஒரு மாதத்தில் அவர் கண்டதும் நீங்கள் கேட்டதும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். "பிறகு என்ன நடந்தது?" என்ற ஒரே கேள்வி போதும். அவர் சம்மதித்தால், அன்றே, தேதியிட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். "ஒரு வெளிச்சம், யாரென்று தெரியவில்லை" என்று அவர் சொல்லியிருந்தால், "கர்த்தருடைய மகிமையைக் கண்டார்" என்று திருத்தி எழுத உங்களுக்கு உரிமையில்லை.

அடுத்து, மருத்துவம் இதைப்பற்றி அறிந்திருப்பதைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கரான ரேமண்ட் மூடி 1975இல் வெளியிட்ட நூலின் வழியாகவே மரண விளிம்பு அனுபவம் என்ற பெயர் பரவலாக வழங்கத் தொடங்கியது. நெதர்லாந்து இதய மருத்துவர் பிம் வான் லோமல் தம் குழுவினருடன் பத்து மருத்துவமனைகளில், இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட கட்டுரையில், 62 பேர், அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பேர், இத்தகைய அனுபவத்தைக் கூறியதாக எழுதினார். ஏறத்தாழ ஒரே நிலைக்குப் போய்த் திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நினைவும் இல்லை. மருத்துவர் சாம் பார்னியா தலைமையில் 2014இல் வெளியான ஆய்வில், உடலைவிட்டு மேலே எழும்பியவர் மட்டுமே காணக்கூடியபடி கூரைக்கு அருகே பலகைகள் அமைத்துப் படங்களை வைத்திருந்தார்கள். அந்தப் படங்களைக் கண்டு சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆனால் பலகை வைக்கப்படாத இடத்தில் மீட்கப்பட்ட ஒருவர், தமக்குச் சிகிச்சை நடந்த விதத்தைச் சொன்னதும் அது உறுதிப்பட்டதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஆகவே "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்றும் சொல்லாதீர்கள், "விஞ்ஞானம் பொய்யென்று காட்டிவிட்டது" என்றும் சொல்லாதீர்கள்.

இதைவிட முக்கியமான சோதனை, பிற நாட்டாரும் பிற காலத்தாரும் கண்டவற்றை அருகே வைத்துப் பார்ப்பது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்க மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சனும் வட இந்தியாவில் சேகரித்த 16 நிகழ்வுகளை 1986இல் வெளியிட்டார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது, யமதூதர்கள் வந்து அழைத்துப்போவதும், அங்கே ஏட்டைப் புரட்டிப் பார்த்தவர் "இவனல்ல, வேறொருவன்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதுமே. இது இந்து மரபின் கற்பனை என்று ஒதுக்க நினைக்கும் கிறிஸ்தவர், ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புனித அகுஸ்தினார் இறந்தோருக்கான பராமரிப்பைப்பற்றி எழுதியதை அறிந்தால் வியப்படைவார். வட ஆப்பிரிக்காவில், அகுஸ்தினார் ஆயராக இருந்த ஹிப்போ நகருக்கு அருகே குர்மா என்ற ஏழை ஒருவர் நோயில் பல நாள் உணர்வற்றுக் கிடந்து, கண் விழித்ததும், "கொல்லன் குர்மாவின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்" என்றார்; போய்ப் பார்த்தபோது அதே பெயருடைய கொல்லன் அந்த நேரத்தில்தான் இறந்திருந்தான். அழைக்கப்பட வேண்டியவன் அவனே என்று தமக்குச் சொல்லப்பட்டதாக அந்த ஏழை கூறினார். வட இந்தியக் கிராமத்தின் கதையும் வட ஆப்பிரிக்கக் கதையும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

அகுஸ்தினார் இதை எப்படி எடைபோட்டார் என்பது நமக்கு இன்றும் வழிகாட்டும். அவர் குர்மாவை நேரில் விசாரித்தார். மனிதர் பொய் சொல்லவில்லை என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் குர்மா தம் காட்சியில், அப்போது உயிரோடு இருந்த பலரையும், அகுஸ்தினாரையும்கூடக் கண்டதாகச் சொல்லியிருந்தார். தாம் அங்கே போகவில்லை என்பதும், குர்மா தம்மைக் கண்டது தமக்குத் தெரியவே தெரியாது என்பதும் அகுஸ்தினாருக்கு உறுதி. எனவே, காணப்பட்டவை ஆட்களின் சாயல்களே, ஆட்களே அல்ல என்றும், அப்படியானால் காட்சியில் தோன்றிய இறந்தோரைப்பற்றியும் அப்படியே நினைக்கலாம் என்றும் அவர் முடிவுக்கு வந்தார். அதற்காகக் குர்மாவை அவர் விலக்கவில்லை. குர்மா அதற்கு முன்பே ஹிப்போவுக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றிருந்தார். நம்மிடம் வரும் சாட்சியையும் இப்படியே கேட்கலாம்: சொல்கிறவர் நேர்மையானவர் என்பது ஒரு கேள்வி, அவர் கண்டது மறுமையின் நிலப்படம்தானா என்பது முற்றிலும் வேறு கேள்வி.

பிறகு வேதத்தைத் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். இங்கேதான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். ஆத்துமா சரீரத்தைவிட்டுப் பிரிந்து ஒரு வெளிச்சத்துக்குள் போய்ச் சேர்வதே கிறிஸ்தவ நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று சிலுவையில் கேட்ட கள்வனுக்கும், தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருக்க ஆசைப்பட்ட பவுலுக்கும் அப்படியொரு இடைநிலை இருந்தது என்று பெரும்பாலான சபைகள் விசுவாசிக்கின்றன. கத்தோலிக்கர், இறந்தபின் ஆத்துமா தூய்மையாக்கப்படும் உத்தரிக்கும் நிலையையும் அதில் சேர்ப்பார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளோ, இறந்தோர் உயிர்த்தெழும் நாள்வரை உணர்வற்று நித்திரை செய்கிறார்கள் என்பார்கள். ஆனால் இவர்கள் அனைவரும் எதிர்நோக்குவது மரித்தோரின் உயிர்த்தெழுதலை, சரீரத்தோடு கூடிய புது வாழ்வை. மருத்துவமனையில் மீண்டவர் மறுபடியும் இறப்பார். நான்கு நாள் கல்லறையில் கிடந்த லாசருவும் மறுபடி இறக்க வேண்டிய மனிதராகவே எழுந்து வந்தார். அவர் அங்கே என்ன கண்டார் என்று யோவான் ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டதைப் பதினான்கு ஆண்டுகள் கழித்துச் சொல்லும் பவுல், அது சரீரத்தில் நடந்ததா, சரீரத்துக்குப் புறம்பே நடந்ததா என்று தமக்குத் தெரியாது என்கிறார்; கேட்ட வார்த்தைகள் மனிதர் பேசத் தகாதவை என்று நிறுத்திக்கொள்கிறார். உவமையில் ஐசுவரியவான் தன் சகோதரருக்கு இறந்த ஒருவனை அனுப்பும்படி கேட்டபோது, "மரித்தோரிலிருந்து ஒருவன் எழுந்துபோனாலும், நம்பமாட்டார்கள்" என்றே பதில் வந்தது. கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலின்மேல் கட்டப்பட்ட நம்பிக்கைக்கு இன்னொருவருடைய காட்சியை முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. முட்டுக்கொடுத்தால், அது சரியும் நாளில் விசுவாசமும் ஆட்டம் காணும்.

அப்படிச் சரிந்ததும் உண்டு. 2004இல் அமெரிக்காவில் கார் விபத்தில் படுகாயமடைந்த ஆறு வயதுச் சிறுவன் பரலோகத்துக்குப் போய்த் திரும்பியதாக 2010இல் ஒரு நூல் வந்தது. 2015இல் அவனே, தான் இறக்கவுமில்லை, பரலோகத்துக்குப் போகவுமில்லை என்று பகிரங்கமாக எழுதினான். பதிப்பகம் நூலைத் திரும்பப் பெற்றது. அந்தச் சிறுவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு குழந்தையின் சொல்லின்மேல் இவ்வளவு பெரிய சுமையை ஏற்றியவர்கள் பெரியவர்கள். ஆகையால், குழந்தைகள் சொல்வதை அன்போடு கேளுங்கள். கூட்டத்தில் சொல்லச் சொல்லாதீர்கள், காணொளியாக்காதீர்கள்.

எல்லாருக்கும் வெளிச்சமே கிடைப்பதில்லை. சிலர் இருளையும், வெறுமையையும், துன்புறுத்தும் உருவங்களையும் கண்டு நடுங்கித் திரும்புகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்கு வரும் சித்தக் குழப்பமும் இப்படிப்பட்ட பயங்கரக் காட்சிகளைக் காட்டக்கூடியது. "நீங்கள் கண்டது நரகம், மனந்திரும்புங்கள்" என்று அவரிடம் சொல்வது கொடுமை; உங்களுக்கு அதை அறியும் அதிகாரமும் இல்லை. சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கமின்மையும் அச்சமும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூடவே ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசித்து ஜெபியுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை விடாதீர்கள்.

சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்று அவரே விரும்பினால், சில மாதங்கள் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அதற்குள் அவருடைய வாழ்க்கை என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள். 731இல் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி எழுதி முடித்த திருச்சபை வரலாற்றில், டிரித்தெல்ம் என்ற குடும்பத்தலைவர் ஒரு மாலையில் இறந்து விடியற்காலையில் எழுந்ததாக ஒரு செய்தி வருகிறது. எழுந்தவர் தம் சொத்தை மூன்றாகப் பிரித்து, மனைவிக்கு ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு ஒரு பங்கும் கொடுத்து, தமக்கென்று வைத்த பங்கை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மெல்ரோஸ் மடத்தில் சேர்ந்தார். தாம் கண்டதை வேடிக்கை கேட்க வந்தவர்களுக்கு அவர் சொல்லவில்லை. தம் வாழ்வைத் திருத்திக்கொள்ள விரும்பி வந்தவர்களுக்கு மட்டுமே சொன்னார். உங்கள் முன் இருப்பவரிடமும் யாருக்குச் சொல்ல விரும்புகிறார், எதற்காக என்று மெதுவாகக் கேளுங்கள். சொல்லும் நாள் வந்தால், நீங்கள் அன்று தேதியிட்டு எழுதிய தாளை அவர் கையில் கொடுத்து, அதில் உள்ளதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.