கிராஃபிக்ஸ் இல்லாமல் டிராகுலா: கேமராவுக்குள்ளேயே முடியும் தந்திரக் காட்சிகள்

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் வந்தது 1897இல். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் டிக்கெட் போட்டுப் படம் காட்டியது 1895 டிசம்பரில். நாவலுக்கும் சினிமாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1992இல் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா இந்த நாவலைக் காதல் கதையாக்கிப் படமெடுத்தபோது இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். லண்டனுக்கு வரும் டிராகுலா, நாயகி மினாவைக் கூட்டிக்கொண்டு போவதே சினிமா காட்டும் இடத்துக்குத்தான். தந்திரக் காட்சிகளும் மௌனப்படக் காலத்து முறையிலேயே இருக்கட்டும் என்று முடிவுசெய்து, அந்தப் பொறுப்பை மகன் ரோமன் கப்போலாவிடம் கொடுத்தார்.

அந்த முறைகளில் பல, ஒரு சாதாரண கேமராவும் பொறுமையும் இருந்தால் குறும்படத்திலும் செய்யக்கூடியவை. ஒரே நிபந்தனை: எதையும் எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. ட்ரைபாடில் மணல் மூட்டை தொங்கவிடுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டுங்கள். ஃபோனில் எடுத்தாலும் இதே விதிதான். ஆட்டோ எக்ஸ்போஷர் ஒரு நொடி ஏறி இறங்கினால் தந்திரம் வெளியே வந்துவிடும்.

சொன்னபடி கேட்காத நிழல்

படத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது இதுதான். டிராகுலா பிரபு பேசிக்கொண்டு நிற்பார். அவர் நிழல் தன்பாட்டுக்கு, கோட்டைக்கு வந்திருக்கும் விருந்தாளி ஹார்க்கரின் கழுத்தை நோக்கிக் கை நீட்டும். நிழலாக நடிப்பவர் வேறொருவர் என்பதுதான் இதன் ரகசியம்.

எட்டடிக்கு ஆறடி மரச்சட்டத்தில் வெள்ளை மல் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஆணியடித்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் சுவர். பின்னால் 12 அடி தள்ளி ஒரே ஒரு விளக்கு. அதன் ஒளி வரும் இடம் எவ்வளவு சிறியதோ, நிழல் விளிம்பு அவ்வளவு கூர்மை. டியூப்லைட், சாஃப்ட்பாக்ஸ் போட்டால் நிழல் குழம்பிப்போகும். நிழல் நடிகர் திரையை ஒட்டி நின்றால் நிழல் ஆளளவு. விளக்குக்கும் திரைக்கும் நட்டநடுவில், அதாவது ஆறடியில், நின்றால் இரண்டு மடங்கு. விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெருக்கும், விளிம்பும் மங்கும். நிழல் நடிகரின் முகம், கேமராப் பக்கம் நிற்கும் நடிகர் பார்க்கும் அதே திசையில் இருக்க வேண்டும். விளக்கைப் பார்த்துத் திரும்பி நின்றால் வலது கைக்கு இடது கை அசையும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது முன்பக்க விளக்கால்தான். முன்னால் நிற்பவர்மேல் விழும் வெளிச்சம் திரையிலும் பட்டால், நிழல் சாம்பல் நிறமாக வெளுத்துவிடும். நடிகரைத் திரையிலிருந்து ஐந்தடி முன்னால் நிறுத்துங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, திரைப் பக்கம் போகும் ஒளியைக் கறுப்பு அட்டையால் மறியுங்கள். அவருடைய உண்மையான நிழல் ஃபிரேமுக்கு வெளியே விழ வேண்டும். இரண்டு நிழல் தெரிந்தால் காட்சி முடிந்தது.

துணிக்குப் பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. ஒருவர் உரக்க எண்ண, இருவரும் எண்ணுக்கு நடிக்கட்டும். நடிகர் மூன்றில் திரும்பினால் நிழல் நாலில் திரும்ப வேண்டும். அந்த ஓர் எண் தாமதம்தான் பயமுறுத்துகிறது. ஆரம்பத்திலிருந்தே நிழல் தனியாக ஆடினால் பார்ப்பவருக்கு அது வேறொரு ஆள் என்று பட்டுவிடும். முதல் சில நொடிகள் ஒழுங்காகப் பின்தொடரட்டும், பிறகு பிசகட்டும்.

கண்ணாடியில் தெரியாத பிரபு

நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் ஹார்க்கர் சவரம் செய்யும்போது பிரபு பின்னால் வந்து நிற்பார், கண்ணாடியில் தெரியமாட்டார். இதை எடுக்கக் கண்ணாடியே வேண்டாம். தட்டியில் ஒரு ஓட்டை வெட்டி, அதில் கண்ணாடிச் சட்டத்தை மட்டும் பொருத்துங்கள். இந்தப் பக்கம், கேமராவுக்கு முதுகு காட்டி ஒரு டூப். அந்தப் பக்கம், கேமராவைப் பார்த்து உண்மையான நடிகர். பிம்பமாக நிற்பவர் அவர்தான். டூப் சட்டத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றால் நடிகரும் அதே இரண்டடியில் நிற்க வேண்டும்.

பிம்பம் என்றால் இடவலம் மாறும். டூப் வலது கையில் கத்தி பிடித்தால் நடிகர் இடது கையில் பிடிக்க வேண்டும். சட்டைப் பொத்தான் வரிசை, தலை வகிடு, மோதிரம் எல்லாம் மாற வேண்டும். புட்டியில் லேபிள் இருந்தால் கழற்றிவிடுங்கள், அல்லது எழுத்தைத் திருப்பி அச்சடியுங்கள். பிரபுவின் கை டூப்பின் தோளில் விழுகிறது; அதே நொடியில் நடிகரின் தோள் துள்ள வேண்டும், அங்கே கை இல்லாமல். இதற்கும் எண்ணிக்கைதான் வழி. நடிகருக்குப் பின்னால் தெரியும் அறை முழுவதையும் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். கறுப்புத் துணியும் ஒரு மெழுகுவத்தியும் போதும். கண்ணாடி இல்லாததால் கேமரா அதில் தெரியும் தொல்லையும் இல்லை.

பின்னோக்கி ஓட்டுவது

டிராகுலா கடித்து ரத்தக்காட்டேரியாகிவிட்ட லூசி, வெள்ளை உடையில் சவப்பெட்டிக்குள் பின்வாங்கிப் படுப்பது, தலைகீழ் வரிசையில் எடுத்தது. நடிகை பெட்டியிலிருந்து எழுந்து வெளியே வருவதைப் படம்பிடித்துத் திருப்பி ஓட்டினால் போதும். ஆனால் முகபாவமும் திரும்பும்: காட்சி அமைதியில் முடிய வேண்டுமென்றால் அமைதியில்தான் தொடங்க வேண்டும், சீறல் கடைசியில். முதல் ஒத்திகையை ஃபோனில் எடுத்து உடனே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நீண்ட உடை நல்லது. துணி தரையிலிருந்து தானாக எழுந்து உடம்போடு சேர்வதுபோல் தெரியும். காட்டிக்கொடுப்பவை புகை, சொட்டும் மெழுகு, பின்னணியில் நடப்பவர்கள். இவை ஃபிரேமில் வேண்டாம்.

ஆவி உருவுக்குச் சாதாரணக் கண்ணாடி

வானத்தில் மிதக்கும் கண்கள் போன்ற காட்சிக்கு, லென்ஸுக்கு முன் 45 டிகிரி சாய்வில் தெளிவான கண்ணாடித் தகடு வையுங்கள். நேரே தெரிவது செட். பக்கவாட்டில், கறுப்பு வெல்வெட் முன்னால் இருக்கும் முகம் கண்ணாடியில் பட்டுச் செட்டின்மேல் விழும். இந்தச் சாய்வில் சாதாரணக் கண்ணாடி ஒளியில் பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பும். ஆகவே முகத்துக்குச் செட்டைப் போல் பத்து மடங்கு, அதாவது மூன்று ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), வெளிச்சம் வேண்டும். இது தெரியாமல்தான் பலர் 'பிம்பமே விழவில்லை' என்று கைவிடுகிறார்கள். தடித்த கண்ணாடியில் உருவம் இரட்டையாகத் தெரியும். 3 அல்லது 4 மி.மீ. போதும். அக்ரிலிக் வளையும், முகமும் நெளியும். கேமராவையும் ட்ரைபாடையும் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள்.

டைரியின் மேல் ஓடும் ரயில்

படத்தில் இந்தக் காட்சிக்குப் பெரிதாகச் செய்த டைரியும் மினியேச்சர் ரயிலும் ஒரே ஃபிரேமில். இதன் உயிர் ஃபோகஸில் இருக்கிறது: கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒருசேரத் தெளிவாக வேண்டும். ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 18 மி.மீ. லென்ஸ், துளை அளவு f/11 வைத்து ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால், முக்கால் மீட்டரிலிருந்து கடைசிவரை தெளிவு. f/4இல் இருந்து f/11க்குப் போனால் எட்டு மடங்கு வெளிச்சம் தேவை. அதற்கு ஏற்பாடு செய்துகொண்டு இறங்குங்கள். கேமராவை இம்மியும் நகர்த்தாதீர்கள். நகர்ந்தால் கிட்டே இருப்பது வேகமாகவும் தள்ளி இருப்பது மெதுவாகவும் நகர்ந்து அளவு பொய் என்று சொல்லிவிடும்.

மினியேச்சரில் ஓடுவது, விழுவது, புகைவது எல்லாம் பொம்மைத்தனமாகத் தெரியக் காரணம் வேகம். அளவின் வர்க்கமூலத்தால் ஃபிரேம் ரேட்டைப் பெருக்குங்கள். 16இல் ஒரு பங்கு அளவு என்றால் நாலு மடங்கு: நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 96. நான்கில் ஒரு பங்கு என்றால் 48. இந்த வேகத்தில் மலிவான எல்இடி பல்புகள் மின்னும். பேட்டரியில் எரியும் விளக்கோ வெயிலோ பாதுகாப்பு.

கையால் சுற்றிய கேமரா

டிராகுலா லண்டன் தெருவில் நடந்துவரும் காட்சியைப் பாத்தே நிறுவனத்தின் பழைய கேமராவைக் கையால் சுற்றி எடுத்தார்கள். உங்களுக்கு அது கிடைக்காது. கேமராவில் இருந்தால் 16 அல்லது 18 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டுங்கள். முழு ஷாட்டையும் ஒரே சீராக வேகப்படுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சுற்றும் கை சீராக இருக்காது. எடிட்டிங்கில் வேகத்தைச் சில நொடிக்கொரு முறை சிறிதளவு கூட்டிக் குறைத்து, வெளிச்சத்தையும் கூடவே லேசாக அசையவிடுங்கள். வேகம் கூடும் இடத்தில் படம் சற்று வெளுக்க வேண்டும், குறையும் இடத்தில் இருள வேண்டும்.