பேண்ட் வந்தால் போதுமா? மூளைநோய்ப் புரதங்களுக்கு ஆன்டிபாடி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைப் பக்கம் விலங்கியலோ பயோடெக்னாலஜியோ படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிற பிள்ளைகளில் பலர் இப்போது பார்க்கின்சன், அல்சைமர் ஆய்வுக்கு வருகிறார்கள். நல்ல விஷயம். பாபநாசம் மலையடிவாரத்து மூலிகை ஒன்றை எடுத்து, அதன் சாறு எலியின் மூளையைக் காக்கிறதா, ஜீப்ரா மீனின் நீச்சலைச் சீராக்குகிறதா என்று பார்ப்பது இங்கே வழக்கமான தலைப்பு. சாறு எடுப்பதிலும் விலங்குகளைப் பராமரிப்பதிலும் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் பார்க்கின்சன் நோயில் மூளையில் திரளும் புரதமான "ஆல்ஃபா சைனூக்ளீன் குறைந்தது" என்று ஆய்வேட்டில் எழுத, அதைத் தேடிப் பிடிக்கும் ஓர் ஆன்டிபாடி வேண்டும். ஜெல்லில் பிரித்து மெம்பிரேனுக்கு மாற்றிய புரதங்களில் அதைப் போட்டுப் பார்ப்பது வெஸ்டர்ன் பிளாட்; அப்போது தெரியும் கோடுதான் பேண்ட். சறுக்கல் தொடங்குவது அங்கேதான். நூறு மைக்ரோலிட்டர் வயல் (சிறு குப்பி) ஒன்றுக்கே ஒரு மாத ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பணம் போய்விடலாம் என்பதால், இந்தச் சறுக்கல் பையையும் கடிக்கும்.

வயலின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை அப்படியே நம்புவது மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய். ஆன்டிபாடிக்குப் புரதத்தின் பெயர் தெரியாது. சில அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டின் வடிவத்தை அது பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதைப் போன்ற துண்டு வேறொரு புரதத்தில் இருந்தால் அதையும் பிடிக்கும். நம் ஊர்த் தெருவில் நின்று "ஏ இசக்கி" என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்ப்பது மாதிரி. கூப்பிட்டதும் ஒருவர் வந்தார் என்பதால் நாம் தேடியவரே வந்துவிட்டார் என்று ஆகாது.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒய்சாரோஸ் குழு, 65 நரம்பியல் புரதங்களுக்காக விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளைச் சோதித்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. குறிப்பிட்ட மரபணுவை நீக்கிய செல்லையும் நீக்காத செல்லையும் அருகருகே வைத்துப் பார்த்த சோதனை அது. தேறாத ஆன்டிபாடிகளைப் பயன்படுத்திய கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு வெளிவந்திருந்தன. ஆகவே "பத்து பேப்பரில் வந்திருக்கு, இதையே வாங்கு" என்று சீனியர் சொல்வது ஒரு தொடக்கம் மட்டுமே. அந்தக் குழுவின் அறிக்கைகள் ஜெனோடோ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆர்டர் போடுமுன் உங்கள் புரதம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். அதே சோதனையில் ரீகாம்பினன்ட் (மரபணு வரிசையை வைத்துச் செல்லில் தயாரிக்கும்) ஆன்டிபாடிகள் மற்ற வகைகளைவிட நன்றாகத் தேறின. அவற்றின் வரிசை பதிவாகியிருப்பதால் அடுத்த ஆண்டு வாங்கினாலும் அதே பொருள் வரும். பாலிகுளோனல் (விலங்கின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பல ஆன்டிபாடிகளின் கலவை) அப்படி இல்லை. முயல் மாறினால் பொருளும் மாறிவிடும்.

எந்த உயிரியில் தேடுகிறீர்கள்?

நம் பக்கத்து ஆய்வகங்களுக்கு மிக முக்கியமானது இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஜீப்ரா மீன் மலிவு, தொட்டியில் வளர்க்கலாம். சரி. ஆனால் ஜீப்ரா மீனில் ஆல்ஃபா சைனூக்ளீன் மரபணுவே கிடையாது. பீட்டா ஒன்றும் காமா இரண்டுமாக அதற்கு மூன்று சைனூக்ளீன் மரபணுக்கள்தான் உண்டு. மனித ஆல்ஃபா சைனூக்ளீனுக்கான ஆன்டிபாடியை மீன் மூளைச் சாற்றில் போட்டு 15 கிலோடால்டன் (புரதத்தின் எடை அளவு) பக்கம் ஒரு பேண்ட் வந்தால், அது பெரும்பாலும் அதன் பங்காளிப் புரதங்களில் ஒன்றாக இருக்கும், அல்லது சம்பந்தமே இல்லாத ஒன்றாக இருக்கும். "மூலிகைச் சாறு கொடுத்த மீனில் ஆல்ஃபா சைனூக்ளீன் குறைந்தது" என்று அதை வைத்து எழுத முடியாது. பழ ஈயில் சைனூக்ளீன் குடும்பமே இல்லை. ஈயை வைத்து வேலை செய்வோர் மனித மரபணுவைப் புகுத்திய ஈயைத்தான் எடுக்கிறார்கள்.

எலியிலும் கவனம் வேண்டும். சைன்211 என்ற பெயர்பெற்ற ஆன்டிபாடி மனிதப் புரதத்தைப் பிடிக்கும், எலி, சுண்டெலிப் புரதத்தை விட்டுவிடும். அல்சைமரில் படியும் அமிலாய்டு பீட்டாவிலும் எலிக்கும் மனிதனுக்கும் மூன்று அமினோ அமிலங்கள் வேறு. அந்த மூன்றும் முதல் பதின்மூன்று இடங்களுக்குள் வருகின்றன. 6இ10 ஆன்டிபாடி பிடிப்பதும் அந்த முனையைத்தான். அதனால் சாதாரண விஸ்டார் எலியில் அதை நம்பி இறங்குவது வீண் செலவு. போதாக்குறைக்கு, 6இ10 அமிலாய்டு பீட்டாவை மட்டும் பிடிப்பதில்லை. அது வெட்டப்பட்டு வரும் தாய்ப்புரதமான ஏபிபி-யையும் பிடிக்கும். மனித மரபணு புகுத்திய சுண்டெலியின் மூளையில் அதைப் போட்டுவிட்டு, தெரிகிற நிறத்தை எல்லாம் பிளேக் (அமிலாய்டு படிவு) என்று எண்ணக் கூடாது. அமிலாய்டு பீட்டா 42 மட்டும் வேண்டுமென்றால் அதன் கடைசி முனைக்கென்று செய்த ஆன்டிபாடி தனியே இருக்கிறது.

கன்ட்ரோல் இல்லாத பிளாட்

பீட்டா ஆக்டின் (எல்லாச் செல்லிலும் இருக்கும் புரதம்) ஓட்டினால் கன்ட்ரோல் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்டின், ஒவ்வொரு குழியிலும் ஒரே அளவு புரதம் போட்டீர்களா என்பதைச் சொல்லும். ஆன்டிபாடி சரியான புரதத்தைப் பிடித்ததா என்பதற்கு அது சாட்சி இல்லை. அதற்கு அந்தப் புரதம் இல்லாத மாதிரி ஒன்று வேண்டும். நாக்அவுட் (அந்த மரபணுவை நீக்கிய) செல் வாங்கப் பணம் இல்லையென்றால், எஸ்ஐஆர்என்ஏ போட்டுப் புரதத்தைக் குறைத்த செல்லையாவது ஒரு குழியில் ஓட்டுங்கள். பேண்ட் மங்க வேண்டும். மங்காவிட்டால், எஸ்ஐஆர்என்ஏ வேலை செய்ததா என்பதைப் பிசிஆரில் பார்த்துக்கொண்டு, அந்த வயலைச் சந்தேகப்படுங்கள்.

ஆல்ஃபா சைனூக்ளீனுக்கு ஒரு வசதி உண்டு. சி57பிஎல்/6ஜே ஓலா ஹெச்எஸ்டி என்ற சுண்டெலி வகையில் அந்த மரபணு இயற்கையாகவே அழிந்துபோயிருக்கிறது. 2001-இல் கண்டுபிடித்தார்கள். அதன் மூளைச் சாறு கொஞ்சம் கிடைத்தால் அருமையான நெகட்டிவ் கன்ட்ரோல். இதே வகையைத் தெரியாமல் சாதாரணச் சுண்டெலியாக வாங்கிவிட்டால் முழு ஆய்வும் கோணலாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சப்ளையரிடம் "சி57 பிளாக் சிக்ஸ்" என்று மட்டும் கேட்காமல் முழுப்பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

பிளாக்கிங் பெப்டைடு (ஆன்டிபாடி பிடிக்கும் அதே சிறு துண்டு) போட்டதும் பேண்ட் மறைந்தது, ஆகவே ஆன்டிபாடி சரி என்று எழுதுவதும் தவறு. ஆன்டிபாடியின் கையைக் கட்டிப் போட்டால் அது சரியான புரதத்தையும் பிடிக்காது, தவறானதையும் பிடிக்காது. இரண்டு பேண்டும் சேர்ந்தேதான் மறையும்.

அல்சைமரில் திரளும் டாவ் புரதத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. சுண்டெலி டாவ் ஓடி நிற்பது சுமார் 50 கிலோடால்டன் பக்கம். மூளையில் தங்கிய ரத்தத்தில் இருக்கும் இம்யூனோகுளோபுலினின், அதாவது அதன் சொந்த ஆன்டிபாடியின், கனச் சங்கிலியும் அதே 50-இல்தான் நிற்கும். நீங்கள் சுண்டெலியில் செய்த மோனோகுளோனலை (ஒரே வகை ஆன்டிபாடியை) பிரைமரியாக, அதாவது புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடியாகப் போட்டு, அதைப் பிடித்துக் காட்டும் ஆன்டி மவுஸ் செகண்டரியையும் போட்டால், அந்த செகண்டரி சுண்டெலியின் சொந்த இம்யூனோகுளோபுலினையும் பிடிக்கும். டாவ் மரபணு நீக்கிய சுண்டெலியில்கூட அழகான "டாவ் பேண்ட்" தெரிவதற்கு இதுதான் காரணம். விஸ்டார் எலி என்றாலும், கிராஸ் அட்சார்ப்டு செய்யாத, அதாவது மற்ற உயிரிகளின் ஆன்டிபாடியைப் பிடிப்பவற்றை நீக்காத செகண்டரி இதே வேலையைக் காட்டும். பிரைமரி இல்லாமல் செகண்டரி மட்டும் போட்ட ஒரு துண்டு மெம்பிரேனை ஒவ்வொரு தடவையும் வைத்துக்கொள்ளுங்கள். முயல் ஆன்டிபாடிக்கு மாறலாம், அல்லது லைட் செயினை (இலேசான சங்கிலியை) மட்டும் பிடிக்கும் செகண்டரி வாங்கலாம். லைட் செயின் 25-இல் நிற்பதால் டாவோடு மோதாது.

பேண்ட் வரவே இல்லை என்றால்

ஆல்ஃபா சைனூக்ளீன் சிறிய புரதம். 140 அமினோ அமிலம், 14 கிலோடால்டன் சொச்சம். மெம்பிரேனில் ஏறிய பிறகும் ஒட்டாமல், கழுவக் கழுவ நழுவிப் போய்விடும். பிள்ளைகள் ஆன்டிபாடியைக் குறை சொல்லி அடுத்த வயலுக்கு ஆர்டர் போடுவார்கள். அதற்கு முன்னால், டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் பிளாக் செய்யுமுன் (மெம்பிரேனின் வெற்றிடங்களை மூடுமுன்) மெம்பிரேனை 0.4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் அரை மணி நேரம் வையுங்கள். காணாமல் போன பேண்ட் பல சமயம் அதோடு வந்துவிடும். 0.45 மைக்ரானுக்குப் பதில் 0.2 மைக்ரான் துளையுள்ள மெம்பிரேன் எடுப்பதும் உதவும்.

எச்ஆர்பி என்ற நொதி ஒட்டிய செகண்டரியின் கரைசலில் சோடியம் அசைடு கலக்கக் கூடாது. நொதி வேலை செய்யாமல் நின்றுவிடும், பிளாட் வெள்ளையாக இருக்கும்.

பாஸ்பேட் விவகாரம்

நோயில் கூடுவது பெரும்பாலும் பாஸ்பேட் ஏறிய வடிவம்: சைனூக்ளீனில் செரின் 129, டாவில் ஏடி8 பிடிக்கும் செரின் 202, திரியோனின் 205. செரின் 129-க்கான சில ஆன்டிபாடிகள் பாஸ்பேட் ஏறிய நியூரோஃபிலமென்ட் லைட் செயினையும் (நரம்பிழைப் புரதம்) பிடிக்கின்றன. 81ஏ இதற்கு அறியப்பட்ட உதாரணம். மூளைத் துண்டில் நரம்பு இழைகள் நீளமாகச் சாயம் ஏறினால் உடனே மகிழ வேண்டாம்.

இதைவிடப் பெரிய இழப்பு மாதிரி எடுக்கும்போதே நடக்கிறது. மூளையை வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து பாஸ்பேட்டஸ் நொதிகள் பாஸ்பேட்டை உரிக்க ஆரம்பித்துவிடும். பஃபரில் சோடியம் ஃப்ளோரைடும் சோடியம் ஆர்த்தோவனடேட்டும் முன்கூட்டியே இருக்க வேண்டும், ஐஸ் கையருகே இருக்க வேண்டும். மயக்கமருந்தில் எலியின் உடல்சூடு இறங்கினால் டாவில் பாஸ்பேட் ஏறும் என்பதும் தெரிந்த விஷயம். கன்ட்ரோல் எலியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மருந்து கொடுத்த எலியை அரை மணி மயக்கத்தில் போட்டு வைத்தால், நீங்கள் அளப்பது மூலிகையை அல்ல, குளிரை.

திசுத் துண்டில் அமிலாய்டு தேடுவோர், ஃபார்மிக் அமிலத்தில் சில நிமிடம் வைக்காமல் "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். வயதான மூளையில் லிப்போஃபுஸ்சின் நிறமி தானாகவே ஒளிரும். ஆன்டிபாடி போடாத துண்டையும் அதே மைக்ராஸ்கோப் அமைப்பில் படம் எடுத்து வையுங்கள். டிடிபி-43 நலமான செல்லில் நியூக்ளியசுக்குள் இருக்கும் புரதம். ஏஎல்எஸ் போன்ற நரம்புச் சிதைவு நோயில் அது சைட்டோபிளாசத்தில் திரண்டு நிற்கும். அங்கே மொத்த அளவைவிட அது எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

பார்சல், ஃப்ரீசர், நோட்டு

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் பார்சல் வெள்ளிக்கிழமை கிளம்பினால், சனி ஞாயிறு கூரியர் குடோனில் கிடந்து திங்கட்கிழமை அபிஷேகப்பட்டிக்கோ பாளையங்கோட்டைக்கோ வந்து சேரும். சித்திரை, வைகாசி வெயிலில் ஜெல் பேக் அதுவரை தாங்காது. திங்கள் அல்லது செவ்வாய் அனுப்பச் சொல்லுங்கள். வந்த அன்றே, டேட்டா ஷீட்டில் உறையவைக்கச் சொல்லியிருந்தால், பத்து பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து உள்ளே வையுங்கள். ஒரே வயலை உருக்கி உறையவைத்து உருக்கினால் ஆன்டிபாடி திரண்டு கெடும். தானாகப் பனி உருகும் ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர் இதற்கு ஆகாது. மாதப் பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவிக்கும் மின்தடை நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அன்று ஃப்ரீசரைத் திறக்காமல் இருங்கள்.

நோட்டில் நிறுவனப் பெயர் மட்டும் எழுதுவது பத்தாது. கேட்டலாக் எண், லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், குளோன் பெயர், ஆர்ஆர்ஐடி எண் (ஆய்வுப் பொருளின் பொது அடையாள எண்), எத்தனை மடங்கு நீர்த்தது, எதில் நீர்த்தது, எவ்வளவு நேரம் எல்லாம் வேண்டும். பேண்டை மட்டும் வெட்டி எடுத்த படத்தோடு நிற்காமல், லேடரோடு (எடை காட்டும் அளவுகோலோடு) முழு மெம்பிரேன் படத்தையும் சேர்த்து வையுங்கள். புது லாட் வந்தால், பழைய வயலில் கடைசி அலிகாட் (பிரித்துவைத்த சிறு பங்கு) ஒன்று மிச்சம் இருக்கும்போதே இரண்டையும் ஒரே மாதிரியில், ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள். பழையது தீர்ந்த பிறகு ஒப்பிட வழி இருக்காது.