தரச்சான்று வாங்கப் போகும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ண வாளி வைப்பது, கைகழுவும் படம் ஒட்டுவது, சுவருக்குப் பெயின்ட் அடிப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே நடந்துவிடும். அரசு மருத்துவ நிலையங்களுக்கான தேசிய தரச்சான்றான என்.க்யூ.ஏ.எஸ். மதிப்பீட்டில் மதிப்பெண் போவது வேறு இடங்களில்.

பதிவேட்டை ஒரே ராத்திரியில் எழுதுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலை, மாலை இருவேளையும் குறிக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வரும் செய்தி கேட்டு உட்கார்ந்து எழுதிய பதிவேடோ மூன்று மாதத்துக்கும் 4, 4, 4 என்றே போகும். ஒரே பேனா மை. விடுப்பில் இருந்தவரின் கையொப்பமும் அதில் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர்க் கரையோரம் கரன்ட் போகாத வாரம் உண்டா? மதிப்பீட்டாளர் ஜெனரேட்டர் டீசல் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. அதற்குப் பிறகு உண்மையாக எழுதிய நோட்டையும் நம்ப மாட்டார்.

மதிப்பெண்ணை விடுங்கள், குழந்தையை நினையுங்கள். பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசிகள் உறைந்தால் வீண். குப்பியில் இருக்கும், நிறம் மாறும் வி.வி.எம். குறி வெப்பத்தைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. பொய்யாக எழுதிய அந்த 4-ஐ நம்பித்தான் புதன்கிழமை ஊசி போடுகிறோம்.

9 டிகிரி என்று எழுதுவது குற்றமில்லை. எத்தனை மணிக்கு, மூடியைத் திறக்காமல் வைத்தது, யாருக்குச் சொன்னது, வி.வி.எம். பார்த்தது என நான்கு வரி கீழே இருந்தால் போதும். பதிவேட்டைப் பெட்டியிலேயே தொங்கவிட்டுப் பேனாவைக் கயிற்றில் கட்டுங்கள். மருத்துவ அலுவலர் வாரம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திடட்டும்.

எல்லாக் கேள்விக்கும் டாக்டரே பதில் சொல்வது

நேரில் பார்ப்பது, பதிவேடு, ஊழியரிடம் கேட்பது, நோயாளியிடம் கேட்பது என்று நான்கு வழியில் சோதிப்பார்கள். சோதிக்கும் ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். ரத்தம் சிந்தினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி துப்புரவுப் பணியாளரிடம்தான் வரும். அதற்கான கிருமிநாசினி ஹைப்போகுளோரைட். 5 விழுக்காடு கரைசலில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டால் 1 விழுக்காடு கிடைக்கும். அன்றன்று கலக்க வேண்டும். இதை அவர் கையாலேயே கலந்து பழகட்டும்.

குறைக்குக் காரணம் தேடாமல் பூசி மறைப்பது

அதே குறை அடுத்த மாதமே திரும்ப வரும்.

சான்று வந்ததும் தரக்குழுக் கூட்டத்தை நிறுத்துவது

சான்று மூன்று ஆண்டுக்குத்தான். இடையிலும் ஆண்டுதோறும் பார்க்க வருவார்கள்.