முடி உதிர்வுக்கு மருந்துகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் ஆண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெற்றி ஏறத் தொடங்கியதும், பாமசியில் வாங்கிய மினொக்சிடில், கனடாவிலிருந்து வந்த மாமா கொடுத்த பினாஸ்டரைட் மாத்திரை, கூடவே ஒரு மூலிகை எண்ணெய் என அனைத்தையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடும் இளைஞர்கள் யாழ்ப்பாணத்தில் பலர் இருக்கிறார்கள். மருந்துகளைச் சேர்ப்பது தவறன்று. பினாஸ்டரைட், முடிவேரைச் சுருங்கச் செய்யும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஓமோனின் அளவை இரத்தத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைக்கிறது; இரத்த அழுத்த மாத்திரையாக முதலில் அறிமுகமான மினொக்சிடில், முடியின் வளர்ச்சிப் பருவத்தை நீட்டிக்கிறது. வழிகள் வேறுவேறாக இருப்பதால் இரண்டும் சேரும்போது பலருக்குப் பயன் கூடுகிறது.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குவதுதான் தவறு. உச்சந்தலை அரித்துச் சிவந்தால், அதற்குக் காரணம் மினொக்சிடில் திரவத்தில் கலந்துள்ள புரோப்பிலீன் கிளைக்கோலா, மூலிகை எண்ணெயா என்று வைத்தியராலும் சொல்ல முடியாது. ஒன்றைத் தொடங்கி, உடல் அதற்குப் பழகிய பின்னரே அடுத்ததைச் சேர்க்க வேண்டும்.

எண்ணெய் வைக்கும் வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மினொக்சிடில் உலர்ந்த தலைத்தோலில் நேரடியாகப் பட வேண்டிய மருந்து என்பதால், எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அதைப் பூசுவது மருந்தை வீணாக்கும். முழுகித் தலையை நன்றாக உலர்த்திய பிறகு பூசி, அதன்பின் குறைந்தது 4 மணி நேரமாவது தலையை நனைக்காமல் இருக்க வேண்டும். ஒரு முறைக்கு 1 மில்லிலீற்றர் போதும். கூடுதலாகப் பூசுவதால் முடி கூடுதலாக வளராது, பக்கவிளைவே கூடும். தலைத்தோலில் நுண்ணிய துளைகள் இடும் நுண்ணூசி உருளையைப் பயன்படுத்துபவர்கள், தோலில் துளைகள் திறந்திருக்கும் அன்றே மினொக்சிடில் பூசினால் அது இரத்தத்தில் அதிகமாகக் கலந்து படபடப்பையும் தலைச்சுற்றையும் உண்டாக்கக்கூடும். ஒரு நாள் இடைவெளி விடுவதே பாதுகாப்பானது.

மினொக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாக உதிரலாம். பழைய முடி விழுந்து புதியது எழும் காலம் அது. அதைக் கண்டு பயந்து மருந்தை விட்டவர்களே அதிகம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பயனை மதிப்பிட 6 மாதங்களாவது வேண்டும். முழுமையாக அறிய ஓராண்டு ஆகும்.

பினாஸ்டரைட்டை வைத்தியரின் ஆலோசனையின்றி விழுங்கக் கூடாது. சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறைகிறது, மனச்சோர்வும் வருகிறது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. ஆண் சிசுவின் வளர்ச்சியை அது பாதிக்கும். அதே காரணத்தால், இரத்ததான முகாமுக்குச் செல்பவர் இம்மாத்திரை எடுப்பதை முன்னரே தெரிவிக்க வேண்டும். புரோஸ்டேட் சுரப்பிக்கான இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டுவதால், வயதானவர்கள் அதையும் வைத்தியரிடம் மறைக்கக் கூடாது.