பென்சில்வேனியாவுக்குப் போன சுவிஸ் குடும்பம்: பூர்வீகம் தேடுவது எப்படி?

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய சுவிஸ் குடும்பத்தின் பூர்வீகம் வேண்டுமா? எடுத்த எடுப்பிலேயே சுவிட்சர்லாந்துக்குத் தாவாதீர்கள். ஹான்ஸ் முல்லர் என்று அங்கே ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

முதலில் அமெரிக்கப் பக்கம். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுண்டி (மாவட்டம்) உயில்கள், நிலப் பத்திரங்கள், தேவாலயப் பதிவேடுகள். பெயர் மாறியிருக்கும், கவனம்: ஹூபர் ஹூவர் ஆனார் (ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர் அந்த வழிதான்), சிம்மர்மன் கார்ப்பென்டர் ஆனார் (இரண்டுக்கும் தச்சர் என்றே பொருள்).

அடுத்து கப்பல். 1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மன் மொழிக்காரர்களில் 16 வயது தாண்டிய ஆண்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். கேப்டன் கொடுத்த பட்டியலில் பெயர்கள் காதில் விழுந்தபடி கன்னாபின்னாவென்று இருக்கும், ஆனால் உறுதிமொழித் தாளில் எழுதத் தெரிந்தவர்கள் தங்கள் கையாலேயே கையெழுத்திட்டார்கள், தெரியாதவர்கள் ஒரு குறி போட, குமாஸ்தா அதைச் சுற்றிப் பெயர் எழுதினார். அந்தக் கையெழுத்தை உயிலில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், இணையத்தில் சுற்றும் பத்து வம்ச மரங்களைவிட இது மேல்.

அப்புறம்தான் பூர்வீக ஊர். சுவிஸ்காரர்களுக்கு இது நம் குலதெய்வக் கோயில் ஊர் மாதிரி, ஒருவர் அங்கே பிறந்திருக்கவே வேண்டாம், ஆனாலும் குடியுரிமை அந்த ஊரோடுதான் ஒட்டியிருக்கும். எந்தக் குடும்பப்பெயர் எந்த ஊருக்குரியது என்று பார்க்க சுவிஸ் குடும்பப்பெயர் அகராதி இருக்கிறது. சூரிச், பெர்ன், பாசெல் பகுதிகளிலிருந்து கிளம்பியவர்களின் பட்டியல்கள் 1920, 1925இல் இரண்டு தொகுதிகளாக அச்சாகியுள்ளன.

ஊர் தெரிந்ததும் ஞானஸ்நானப் பதிவேடு. பெர்ன் மாநில ஆவணக்காப்பகம் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. பழைய ஜெர்மன் கையெழுத்து தலைசுற்ற வைக்கும்; ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் உறவினர்கள்தான். மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பம் என்றால் இங்கே ஆளே இல்லாமல் போகலாம், ஏனென்றால் அவர்கள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கவில்லை. அப்படியானால், அரசு அவர்களிடம் பறிமுதல் செய்த சொத்துகளின் பதிவுகளைப் பாருங்கள். பலர் இடையில் ஜெர்மனியின் ரைன் கரையோரப் பாலட்டினேட் பகுதியில் ஒரு தலைமுறை தங்கியிருப்பார்கள், அதையும் தேடுங்கள்.

தேதிகளில் ஒரு சிக்கல் உண்டு. சூரிச்சும் பெர்னும் 1701இலேயே புதிய (கிரிகோரியன்) நாட்காட்டிக்கு மாறிவிட்டன, பிரிட்டிஷ் காலனிகள் 1752இல்தான் மாறின. இடைப்பட்ட காலத்தில் 11 நாள் வித்தியாசம், போதாததற்கு காலனிகளின் அரசு ஆவணங்களில் வருடமே மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆக, அந்த ஆவணங்களில் 1740 பிப்ரவரி என்று இருந்தால் அது நம் கணக்கில் 1741.