ஒரு பாட்டைக் கழற்றி மாட்டுவது எப்படி

சாம்ப்ளிங், அதாவது பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் போடுவதை, கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. ஒரு பாட்டை எடுங்கள், அதில் இருக்கும் சாம்பிளை மூலத்திலிருந்து நீங்களே வெட்டுங்கள், அதே மாதிரி திரும்பக் கட்டிப் பாருங்கள். ஒரே பாட்டு போதும். பத்துப் பாட்டை மேலோட்டமாகத் தொட்டால் பத்திலும் ஒன்றும் நிற்காது.

நான் எடுத்தது, அமெரிக்க ஹிப்-ஹாப் இரட்டையர் பீட் ராக் (இசை), சி.எல். ஸ்மூத் (ராப்) இருவரும் 1992-இல் வெளியிட்ட ‘தே ரெமினிஸ் ஓவர் யூ’. ஆங்கிலத்தில் அந்த நான்கு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ட்ராய்’ என்று வரும். ஹெவி டி அண்ட் த பாய்ஸ் என்ற ராப் குழுவில் இருந்த ட்ராய் டிக்ஸன் 1990-இல் இண்டியானாபொலிஸில் தவறி விழுந்து இறந்தார். வயது 22. அந்தக் குழுவின் தலைவர் ஹெவி டி, பீட் ராக்கின் நெருங்கிய உறவுக்காரர்; ட்ராய் நண்பர். அந்தத் துக்கத்தில் பிறந்த பாட்டு இது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், அந்த சாக்ஸபோன் ஏன் அழுவது மாதிரியும் இல்லாமல் சிரிப்பது மாதிரியும் இல்லாமல் நடுவில் நிற்கிறது என்று புரியும்.

சாம்பிள் எந்தப் பாட்டிலிருந்து வந்தது என்ற விடையை அடுத்த பத்திகளில் சொல்லப்போகிறேன். அதனால் இங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் பாட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள், லேப்டாப் ஸ்பீக்கரில் பேஸ் (அடியில் ஓடும் தாழ்ந்த சுரம்) கேட்காது. ஒரு முறை கேட்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் பிடியுங்கள். முதல் முறை சாக்ஸ் எங்கே வருகிறது, எங்கே ஒளிகிறது. இரண்டாம் முறை பேஸ். மூன்றாம் முறை ட்ரம்ஸ். நான்காம் முறை, ராப் ஆரம்பித்ததும் எவையெல்லாம் காணாமல் போகின்றன. தொடையில் தாளம் போட்டு நான்கு நான்காக எண்ணி ஒரு நோட்டில் குறியுங்கள். என் நோட்டில் முதல் நாள் ‘ட்ரம்பெட்’ என்று எழுதியிருக்கிறது. பரவாயில்லை, அதை அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

சரி, விடை. சாக்ஸும் பேஸும் வந்தது சாக்ஸபோன் கலைஞர் டாம் ஸ்காட் 1967-இல் இம்பல்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ‘டுடே’விலிருந்து. அது அவர் சொந்தப் பாட்டும் இல்லை. ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் என்ற ராக் குழு அதே வருடம் வெளியிட்ட பாட்டை அவர் தன் பாணியில் வாசித்திருக்கிறார், கூடவே ஒரு பாடகர் குழு. பீட் ராக் பேட்டியில் சொன்னது, முதலில் தன்னைப் பிடித்து இழுத்தது பேஸ்தான் என்று. சாக்ஸை அப்புறம்தான் எடுத்தாராம். நாமெல்லாம் சாக்ஸுக்காகத்தான் அந்தப் பாட்டை ஞாபகம் வைத்திருக்கிறோம் என்பது வேடிக்கை.

‘டுடே’வைக் கேட்கும்போது ஒரு விதி: தள்ளிக்கொண்டு போகாதீர்கள். முதல் முறை கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மென்மையான, கொஞ்சம் சர்க்கரை தூக்கலான பாட்டு. நமக்குத் தெரிந்த அந்த சாக்ஸ் வரி வந்துவிட்டு, அடுத்த நொடியே வேறு எங்கேயோ போய்விடுகிறது. ஆயிரம் பேர் அந்த இடத்தைக் கேட்டுவிட்டு ரெக்கார்டைத் திருப்பி உறைக்குள் போட்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தார்.

இனி வெட்டுவது. ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருள் இலவசம், அதுவே போதும். சாக்ஸ் வரி தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அலை மேலும் கீழும் ஆடுவது தெரியும். அது நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில்தான் கத்தி வைக்க வேண்டும். பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு இசட் விசையை அழுத்தினால் ஆடாசிட்டியே இரண்டு முனைகளையும் அந்தப் புள்ளிக்கு நகர்த்திவிடும். இதைச் செய்யாவிட்டால் லூப் (சுற்றிச் சுற்றி ஓடும் துண்டு) திரும்பும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். மூன்று ராத்திரி என் ஹெட்ஃபோன் வயர் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முனை எங்கே என்பது இதைவிட முக்கியம். நான்கு அடி கொண்ட ஒரு சுற்றின் நீளம் எத்தனை நொடி என்று அறிய 240-ஐ பாட்டின் வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுங்கள். இந்தப் பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 100 அடி, ஆக ஒரு சுற்று 2.4 நொடி. அதைப் பதினாறாகப் பிரித்தால் ஒரு துண்டு 0.15 நொடி. உங்கள் லூப் 0.03 நொடி தாமதமாகத் தொடங்கினால் ஒரு துண்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது; கேட்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் தலை ஆடாது. கணக்கைத் திருப்பியும் போடலாம். வெட்டிய ஒரு சுற்று 2.52 நொடி என்றால் அதன் வேகம் ஏறத்தாழ 95. 100-க்குக் கொண்டுவர 5 சதவீதம் வேகம் கூட்ட வேண்டும், சுருதி ஒரு அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் கருவிகள் இப்போது உண்டு. இந்தப் பயிற்சிக்கு அவற்றைத் தொடாதீர்கள். அந்தக் காலத்து சாம்ப்ளரில் (ஒலித் துண்டை உள்ளே வாங்கித் திரும்ப வாசிக்கும் கருவி) பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தேதான் நகரும், அந்தப் பாட்டுகளின் நிறத்தில் பாதி அதில்தான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். பீட் ராக்கின் கருவி எஸ்பி-1200. ஈ-மு நிறுவனம் 1987-இல் கொண்டுவந்தது. 12 பிட் (ஒலியின் அளவை எழுதும் நுணுக்கம்), 26.04 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது). மொத்தச் சேமிப்பு 10 நொடி, ஒரு துண்டு 2.5 நொடியைத் தாண்டக் கூடாது. ட்ரம்ஸ், பேஸ், சாக்ஸ் எல்லாமே அந்தப் பத்து நொடிக்குள் குடித்தனம் நடத்த வேண்டும். அதனால் அந்தக் காலத்து ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய ரெக்கார்டை 45-இல் ஓடவிட்டு உள்ளே வாங்கி, சாம்ப்ளருக்குள் மெதுவாக்குவார்கள். பத்து நொடி இடத்தில் பதின்மூன்றரை நொடி இசை அடங்கும். விலையாக மேல் சுரங்களின் பளபளப்பு போய்விடும், கொஞ்சம் கரகரப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரகரப்பைத்தான் இன்று எல்லோரும் பிளக்இன் (மென்பொருள் துணைக்கருவி) வாங்கித் தேடுகிறார்கள்.

வீட்டில் செய்வது இப்படி: துண்டை 35 சதவீதம் (33-லிருந்து 45) வேகமாக்குங்கள். 26,040 ஹெர்ட்ஸுக்கு இறக்கிச் சேமியுங்கள். திரும்பக் கொண்டுவந்து மெதுவாக்குங்கள். இங்கேதான் நான் விழுந்தேன். 35 கூட்டினோம், 35 குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகாது. 1.35-ஐ 0.65-ஆல் பெருக்கினால் 0.88 சொச்சம், சாக்ஸ் இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் இறங்கி, காய்ச்சல்காரர் ஊதுவது மாதிரி ஆகிவிட்டது. குறைக்க வேண்டியது 25.9 சதவீதம். கரகரப்பு இன்னும் போதவில்லை என்றால் ஒரு பிட்கிரஷரை (ஒலியின் பிட்டைக் குறைக்கும் கருவி) 12-இல் வைத்துக்கொள்ளுங்கள், ஆடாசிட்டி தானாக அதைத் தராது.

பத்து நொடி வரம்பையும் நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் எல்லை இல்லாதபோது நாற்பது துண்டு வெட்டி வைத்து ஒன்றையும் பயன்படுத்தவில்லை. பத்து நொடிதான் என்று ஆனதும், எது இல்லாமல் பாட்டு நிற்காது என்று ஒவ்வொரு துண்டையும் கேட்க வேண்டி வந்தது.

பேஸைப் பிரிக்க: அதே மூலத் துண்டை இரண்டாவது தடத்தில் போட்டு, 200 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதையெல்லாம் லோ-பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். மற்றதெல்லாம் மங்கி, அடியில் உருளும் சத்தம் மட்டும் மிஞ்சும். சாக்ஸ் தடத்தில் அதற்கு நேர்மாறாக 150-க்குக் கீழே காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) அடிக்க இடமிருக்காது. இன்னொன்று: 60-களின் ஸ்டீரியோ பதிவுகளில் ஒரு கருவியை முழுக்க ஒரு பக்கமாகத் தள்ளிவைப்பது சாதாரணம். இடது காதை மட்டும், வலது காதை மட்டும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். சில சமயம் ஃபில்டருக்கே வேலை இருக்காது.

ட்ரம்ஸுக்கு நான் அதிகம் சொல்ல மாட்டேன். ஏதாவது ஒரு பழைய ஃபங்க் இசைப் பதிவில் ட்ரம்மர் தனியாக வாசிக்கும் இடத்திலிருந்து கிக், ஸ்னேர் (சிறிய ட்ரம்), ஹை-ஹாட் (இரட்டைத் தட்டு) மூன்றையும் தனித்தனியாக வெட்டி, விரலால் தட்டிப் பதிவு செய்யுங்கள். கட்டத்துக்குள் பிடித்து இழுக்கும் குவான்டைஸை அணைத்துவிடுங்கள். இருபது தடவை தட்டினால் ஒன்று சரியாக வரும்.

மூன்றையும் சேர்த்ததும் உங்கள் லூப்பையும் அசல் பாட்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டின் சத்த அளவும் சமமாக இருக்கட்டும், உரக்கக் கேட்பதுதான் நன்றாக இருப்பதாகக் காது ஏமாந்துவிடும். என்னுடையதில் சாக்ஸ் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அசலில், சி.எல். ஸ்மூத் தன் குடும்பக் கதையைச் சொல்லத் தொடங்கியதும் அது விலகி நிற்கிறது, பிறகு திரும்பி வருகிறது. நான்காம் முறை கேட்டபோது நோட்டில் குறித்ததே இதுதான். கட்டும்போது மறந்துபோனேன்.

உரிமை விஷயம். பயிற்சியை வெளியிடலாம் என்று தோன்றினால் முதலில் இதைப் படியுங்கள். ஒரு சாம்பிளுக்கு இரண்டு கதவைத் தட்ட வேண்டும்: ஒலிப்பதிவு யாருடையது, பாட்டை எழுதியவர் யார். ‘டுடே’ இதற்கு நல்ல உதாரணம். பதிவு டாம் ஸ்காட் இம்பல்ஸ் நிறுவனத்துக்காகச் செய்தது, பாட்டை எழுதியவர்கள் மார்ட்டி பாலினும் பால் கான்ட்னரும். அமெரிக்காவில் இது கடுமையானது 1991 டிசம்பரில், ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில். அனுமதி இல்லாமல் பாடகர் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டிலிருந்து எடுத்ததற்கு, நீதிபதி ‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். நான் என் லூப்பை ஒரு தளத்தில் ஏற்றிப் பார்த்தேன், சில நிமிடங்களில் தானாக முடக்கப்பட்டது. கோபம் வந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது: இயந்திரத்துக்கே அடையாளம் தெரியும் அளவுக்கு வெட்டியிருக்கிறேன்!

அடுத்த வாரத்துக்கு வேலை: அதே ‘டுடே’வில் பீட் ராக் தொடாத ஒரு இடத்தைத் தேடுங்கள். நான் பாடகர் குழு மூச்சு வாங்கும் இடத்தில் கத்தியை வைத்திருக்கிறேன். 1.1 நொடி. என் பத்தில் இன்னும் 8.9 பாக்கி இருக்கிறது.